பச்சைக் கோட்டில் நின்ற மிதவை

பேட்டரித் திரவத்தை உறிஞ்சி அளக்கும் ஹைட்ரோமீட்டரை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபடி நின்றிருந்தேன். கண்ணாடிக் குழாய்க்குள் மிதவை பச்சைக் கோட்டில் அசையாமல் நின்றது. எனக்குப் பின்னால், இரண்டடி தூரத்தில், கட்டிலின் விளிம்பை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு முனிரத்தினம் மூச்சுக்காகப் போராடிக்கொண்டிருந்தார்.

"பாருங்க தாஸ். பச்சை. பேட்டரியில ஒரு குறையும் கிடையாது. கோளாறு உங்க இன்வெர்ட்டர்ல."

அந்த இன்வெர்ட்டரை விற்ற, ராபர்ட்சன்பேட்டையில் கடை வைத்திருக்கும் எலெக்ட்ரீஷியன் தாஸ் குனிந்து மிதவையைப் பார்த்தார். பிறகு சுவரோரம் இருந்த இன்வெர்ட்டரைப் பார்த்தார். அதில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னியது.

"பச்சைதான் சார். ஆனா மெஷினு லோ பேட்டரின்னு காட்டுதே."

"மெஷின் என்ன வேணும்னாலும் காட்டும். நான் காட்டறதைப் பாருங்க."

இதை நான் சொன்ன தொனி இன்னும் என் காதில் இருக்கிறது. சந்தேகத்தின் சாயல்கூட அதில் இல்லை.

சென்ற கோடையில் ஒரு பிற்பகல் அது. தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டனில், வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்கு நடுப்பகலிலேயே மின்சாரம் நின்றுவிட்டது. கம்பி மாற்றும் வேலை நடக்கிறது, மாலை ஆறு மணிக்கு முன் வராது என்றார்கள். மற்ற வீடுகளில் அதற்கு விசிறி ஓடாது என்று மட்டுமே பொருள். முனிரத்தினத்தின் வீட்டில் அதற்கு வேறு பொருள்.

அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சுரங்கத்துக்குள் பாறையில் துளையிடும் வேலை பார்த்தவர். அந்தக் கல்தூசி நுரையீரலில் படிந்து இறுகிவிட்டது. இரண்டு ஆண்டுகளாக, அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் ஓர் இயந்திரத்தின் குழாய் அவர் மூக்கில் இருக்கிறது. இயந்திரம் மின்சாரத்தில் ஓடுவது. மின்சாரம் நின்றால் இன்வெர்ட்டர். இன்வெர்ட்டருக்கு ஒரு பேட்டரி. அந்தப் பேட்டரி என் பராமரிப்பில் இருந்தது.

நான்கு மணி நேரம் தாங்கும் என்று நான் சொல்லியிருந்த அந்தப் பேட்டரி, அன்று பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை.

சிலிண்டரின் முள்

அவசரத்துக்கென்று கட்டிலடியில் ஒரு சிறிய ஆக்சிஜன் சிலிண்டர் உண்டு. முனிரத்தினத்தின் மருமகள் தேவகி அதைத் திறந்து குழாயை மாற்றிப் பொருத்தியிருந்தாள். அதன் முள் சிவப்புப் பகுதிக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது.

தேவகியின் கணவன் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புபவன். பகலில் மாமனாரின் மூச்சு அவள் பொறுப்பு. ஒரு கையில் கைப்பேசி. மறு கை அவர் முதுகில்.

"ஆம்புலன்ஸு வேற கேஸ் எடுத்துக்கினு கோலாருக்குப் போயிருக்குதாம் சார். திரும்பி வர ஒன்ற மணி நேரம் ஆவும்னு சொல்றாங்க."

"சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும்மா?"

"கொறச்சி வெச்சா முக்கா மணி நேரம்."

அதற்குமேலும் அவள் சொல்லியிருக்கலாம். ஒரு வாரத்துக்கு முன்புதான், நான் பேட்டரியைப் பார்த்துவிட்டுப் புறப்பட்டபோது, "சிலிண்டர ரொப்பிக்கினு வந்து வெச்சிடட்டுமா சார்? பாதிக்குக் கீழ எறங்கிட்ச்சு" என்று கேட்டிருந்தாள். "எதுக்கும்மா? பேட்டரி நாலு மணி நேரம் தாங்கும்" என்றேன். சிலிண்டரை நிரப்பிக்கொண்டு வர வண்டி பிடித்துப் போனால் அரை நாள் அலைச்சல். அந்த அலைச்சலை அவளுக்கு மிச்சப்படுத்திய நிறைவோடு அன்று படியிறங்கினேன்.

இப்போது முனிரத்தினத்தின் விரலில் மாட்டியிருந்த, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் சிறு கருவி எண்பத்தாறு என்று காட்டியது. இயந்திரம் ஓடும்போது அது தொண்ணூற்றிரண்டுக்குக் கீழே இறங்காது.

"ஸ்வல்ப பொறுங்க சார்," என்று தாஸ் எழுந்தார். "கடையில வேற இன்வெர்ட்டர் கீது. எங்க அண்ணன எடுத்துக்கினு வரச் சொல்றேன். அரை மணி நேரத்துல வந்துடும்."

அரை மணி நேரம். கையில் இருந்தது முக்கால் மணி நேரம். கணக்குச் சரியாக வந்தது, நான் தலையசைத்தேன். கோளாறு உண்மையிலேயே இன்வெர்ட்டரில் இருந்தால் மட்டுமே அந்தக் கணக்கு சரி என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

என் சொல்லை ஏன் கேட்டார்கள்

ஒரு தேர்ந்த எலெக்ட்ரீஷியன், தன் இயந்திரம் சொல்வதை விட்டுவிட்டு ஓய்வுபெற்ற ஒரு கிழவரின் சொல்லை ஏன் கேட்டார் என்று வாசகர்கள் வியக்கலாம். இத்தொடரைத் தொடக்கம் முதல் படிப்பவர்களுக்குக் காரணம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சுரங்கம் இயங்கிய நாளில் நான் லேம்ப் ரூமுக்குப் பொறுப்பாளன். ஷிஃப்டுக்கு வருகிறவர் ஜன்னலில் தம் பித்தளை வில்லையைக் கொடுப்பார். நான் விளக்கைக் கொடுப்பேன். விளக்கு தலைத்தொப்பியில், அதற்கான பேட்டரி இடுப்பு பெல்ட்டில். கேஜ் எனப்படும் இரும்புக் கூண்டு அவரை இறக்கிவிடுகிற ஆழத்தில் வேறு வெளிச்சம் கிடையாது. அங்கே விளக்கு அணைந்தால் தன் உள்ளங்கையை முகத்துக்கு முன் வைத்தாலும் தெரியாது. ஆகவே, விளக்கை வாங்குகிறவர்கள் விளக்கைப் பார்த்ததில்லை. என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தலையசைத்தால் போனார்கள்.

என் கையிலிருந்து சென்ற விளக்கு எதுவும் ஷிஃப்ட் முடியுமுன் அணைந்ததில்லை என்று சில வாரங்களுக்கு முன் இத்தொடரில் எழுதியிருந்தேன். அதைப் பாராட்டிக் கடிதங்கள் வந்தன. அந்த வாக்கியத்தை நான் இன்றும் திரும்பப் பெறவில்லை. அது உண்மை.

சுரங்கம் மூடப்பட்டது. விளக்குகள் போயின, நுரையீரலில் தூசியோடு மனிதர்கள் மிஞ்சினார்கள். வீடுகளுக்கு ஆக்சிஜன் இயந்திரங்கள் வந்தன. அவற்றின் பின்னாலேயே இன்வெர்ட்டர்களும் பேட்டரிகளும் வந்தன. பேட்டரியைப் பற்றி யாரைக் கேட்பது என்ற கேள்வியே எழவில்லை. லேம்ப் ரூம் சார் இருக்கிறாரே! ஸ்கெலட்டனிலும் பக்கத்துக் குடியிருப்பான பாலகாட்டிலுமாக ஐந்து வீடுகள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை அணிந்து, ஹைட்ரோமீட்டரும் கண்ணாடிப் புட்டியும் ரப்பர் கையுறையுமாகப் போய் வருவேன். எதுவும் பெற்றுக்கொள்வதில்லை. போகும் வீட்டில் எல்லாம் எனக்கு முன்னே நாற்காலி வந்துவிடும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். பெருமைக்காகவும்தான் சொல்கிறேன்.

ஊசி மட்டும் அசைந்த கலம்

மின்கலம் என்பதை நான் முதன்முதலில் கையால் செய்தது வட ஆற்காட்டில், கல்லூரி ஆய்வகத்தில். ஒரு கண்ணாடிக் குவளையில் துத்தநாகத் தகடு. இன்னொன்றில் செம்புத் தகடு. இரண்டையும் இணைக்க உப்புக்கரைசல் நிரம்பிய வளைகுழாய். கம்பியைச் சேர்த்ததும் மீட்டரின் ஊசி அசைந்தது.

கல்லூரி விழாவுக்கு அப்பா வந்திருந்தபோது அதைக் காட்டினேன். அவர் சுரங்கத்தில் பாறை அள்ளியவர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இதுல பல்பு எரியுமாடா?"

"எரியாதுப்பா. ஊசி அசையும்."

"ஊசி அசைஞ்சா? உள்ள எறங்கறவன் ஊசியயா தலையில கட்டிக்கினு போவான்?"

உடன் படித்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சிவந்தது. அவருக்கு விளங்காது என்று எண்ணிக்கொண்டேன்.

விளங்கவேண்டியது இவ்வளவுதான். ஓர் உலோகம் எலெக்ட்ரானைக் கைவிட விரும்புகிறது. மற்றொரு பொருள் அதை வாங்கிக்கொள்ள விரும்புகிறது. இரண்டையும் நேராகத் தொடவிட்டால் பரிமாற்றம் அங்கேயே நடந்து, வெறும் சூடாக முடிந்துவிடும். நடுவில் திரவத்தை வைத்துப் பிரித்துவிட்டால் எலெக்ட்ரானுக்கு அந்த வழி அடைபடுகிறது. சுரங்கத்தின் அடியில் ஒரு லெவலிலிருந்து, அதாவது ஒரு தளத்திலிருந்து, அடுத்த லெவலுக்குப் பாறையைத் துளைத்துக்கொண்டு போக முடியாதவன் மேலிருந்து இறங்கும் செங்குத்துக் குழியான ஷாஃப்டைச் சுற்றித்தான் போயாகவேண்டும். அதுபோல எலெக்ட்ரானும் வெளியே உள்ள கம்பி வழியாகச் சுற்றித்தான் போயாகவேண்டும். போகிற வழியில் நாம் ஒரு விளக்கை வைக்கிறோம். ஓர் இயந்திரத்தை வைக்கிறோம். முனிரத்தினத்தின் மூச்சை வைக்கிறோம்.

விளக்கிலும் இன்வெர்ட்டரிலும் இருக்கிற பேட்டரியில் ஒரு தகடு ஈயம். எதிர்த் தகடு பழுப்பு நிற ஈய டையாக்சைடு. நடுவில் நீர் கலந்த கந்தக அமிலம். இதில் அமிலம் வெறும் வேடிக்கை பார்ப்பதில்லை, அதுவும் வேலையாள். மின்சாரம் கொடுக்கக் கொடுக்க அமிலம் இரு தகடுகளிலும் போய்ச் சேர்ந்து அவற்றை ஈய சல்பேட்டாக மாற்றுகிறது. மிஞ்சும் திரவம் நீர்த்துப்போகிறது. திரும்ப மின்சாரம் ஏற்றினால் அமிலம் தகடுகளை விட்டு வெளியே வந்து திரவம் மீண்டும் கனக்கிறது. ஹைட்ரோமீட்டரின் மிதவை அளப்பது அந்தக் கனத்தைத்தான். கனமான திரவத்தில் மேலே மிதந்தால் பச்சை. நீர்த்ததில் அமிழ்ந்தால் சிவப்பு. பேட்டரிக்குள் எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்பதை மிதவை நேராகச் சொல்வதில்லை. அமிலம் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. மீதியை நாம் ஊகித்துக்கொள்கிறோம்.

கைப்பழக்கம்

மேஜைமேல் நிற்கிற பேட்டரியிலிருந்து அமிலம் வெளியே போகாது. மின்சாரம் ஏற்றும்போது நீர்தான் வாயுவாகப் பிரிந்து போகும். ஆகவே குறைந்ததை ஈடுகட்ட வாலை வடித்த நீரை, அதாவது கடைகளில் டிஸ்டில்டு வாட்டர் என்று கிடைப்பதை ஊற்றினால் போதும்.

ஆனால் சுரங்கத்து விளக்கின் பேட்டரி மேஜைமேல் நின்றதில்லை. அதை இடுப்பில் கட்டியவர் முட்டிபோட்டுத் தவழ்ந்தார், ஒருக்களித்துப் படுத்துத் துளையிட்டார், ஏணியில் தொங்கினார். மூடியின் துளை வழியே அமிலம் கசிந்தது. எங்கள் லைனில் காயும் கால்சட்டைகளைப் பார்த்தே வேலையைச் சொல்லிவிடலாம். இடது தொடையில் பூச்சி அரித்ததுபோல் பொட்டுப் பொட்டாக ஓட்டை இருந்தால் அது அடியில் தவழ்கிறவருடையது. ஆகவே லேம்ப் ரூமில் நாங்கள் நீரை மட்டும் ஊற்றவில்லை. அளவாக நீர் கலந்த அமிலத்தை ஊற்றினோம். கொட்டிப்போனது அமிலம், ஈடுகட்டியதும் அமிலம். அது அந்த இடத்துக்கு மிகச் சரியான முறை. அதைச் செய்யாத லேம்ப் ரூமில்தான் விளக்குகள் மங்கும்.

இருபத்தைந்து ஆண்டுகள், ஷிஃப்டுக்கு ஷிஃப்ட், அதையே செய்தேன். நாக்கின் நுனியில் புளிப்பு, தொண்டையில் கமறல், கையில் கண்ணாடிப் புட்டி. மிதவை பச்சைக்குக் கீழே தெரிந்தால் கை தானாகப் புட்டியைச் சாய்க்கும்.

முனிரத்தினத்தின் வீட்டிலும் கை தானாகப் புட்டியைச் சாய்த்தது. இரண்டு ஆண்டுகளாக, மாதந்தோறும்.

தாஸின் சோதனை பல்பு

தாஸ் வாசலில் நின்று கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். அறைக்குள் முனிரத்தினத்தின் மூச்சு அறுப்பதுபோல் கேட்டது. எண் எண்பத்து நான்கு.

கையில் இருந்த ஹைட்ரோமீட்டரைக் கீழே வைக்கப்போனபோது குழாய்க்குள் இருந்த திரவம் கண்ணில் பட்டது. மிதவை பச்சையில்தான் நின்றது. ஆனால் திரவம் தெளிவாக இல்லை. செம்மண் கரைத்ததுபோல் பழுப்பாக இருந்தது.

உண்மையைச் சொல்கிறேன்: முந்தைய ஞாயிற்றுக்கிழமையும் அது அப்படித்தான் இருந்தது. பார்த்தேன். தங்கம் பிரித்தபின் கொட்டிக் குவித்த சயனைடு மேட்டுப் புழுதி ஏதாவது மூடிவழியே விழுந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கசடு படிந்த திரவத்தின் பொருள் தெரியாதவன் இப்படிச் சொன்னால் மன்னிக்கலாம். எனக்குத் தெரியும். தகடு கரைந்து உதிர்கிறது என்பதே அதன் பொருள்.

தாஸின் பையில் இரண்டு கம்பிகள் கட்டிய ஒரு வண்டி முகப்பு விளக்கின் பல்பு கிடந்தது. அவர் சோதனைக்காக வைத்திருப்பது. எடுத்துப் பேட்டரியின் இரு முனைகளிலும் தொட்டேன்.

கண் கூசும் வெள்ளை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்கினேன். ஏழுக்குள் மஞ்சள். பதினைந்தில் நெருப்புத் துண்டின் நிறம். இருபதில் பல்புக்குள் ஒரு சிவந்த இழை மட்டும். பேட்டரியின் ஆறு அறைகளில் ஒன்றில் திரவம் கொதிப்பதுபோல் குமிழியிட்டது.

மீண்டும் குழாயில் உறிஞ்சிப் பார்த்தேன். மிதவை பச்சையிலேயே நின்றது.

அப்போதுதான் அந்தப் பச்சை எனக்குப் புரிந்தது. மின்சாரத்தை எல்லாம் கொடுத்து ஓய்ந்த பேட்டரியில் அமிலம் தகடுகளுக்குள் போயிருக்கவேண்டும், மிதவை அமிழ்ந்திருக்கவேண்டும். அமிழவில்லை என்றால் அமிலத்தை வாங்கிக்கொள்ளத் தகடுகளில் எதுவும் மிஞ்சவில்லை. மாதந்தோறும் நான் ஊற்றிய அமிலம் தகடுகளைத் தின்றது. தின்றுவிட்டு அப்படியே கனத்து நின்று, என் மிதவையைப் பச்சையில் தூக்கிப் பிடித்தது. வோல்ட்மீட்டரும் அதே பொய்யைத்தான் சொல்லியிருக்கும். கனத்த அமிலத்தில் அளவு உயர்ந்தே காட்டும். இரண்டு ஆண்டுகளாக நான் அளந்தது பேட்டரியை அல்ல. நான் ஊற்றியதை நானே அளந்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவந்திருக்கிறேன்.

வாசலிலிருந்து தாஸின் குரல் கேட்டது. "இன்வெர்ட்டர்தாண்ணா பூட்ச்சு. பேட்டரி சூப்பரா கீது. லேம்ப் ரூம் சாரே செக் பண்ணிட்டாரு."

அரை நிமிடம்

அரை நிமிடம் நான் வாய் திறக்கவில்லை. அந்த அரை நிமிடத்தில் என்ன நினைத்தேன் என்பதை மறைத்துவிட்டு இந்த அத்தியாயத்தை எழுதுவதில் பொருளில்லை.

பேட்டரிக்கும் வயதாகும் என்று நினைத்தேன். புது இன்வெர்ட்டர் வரும், அதுவும் நிற்கும், 'பேட்டரி பழசு சார்' என்று தாஸே சொல்வார், நானும் ஆம் என்பேன். புட்டியில் இருந்தது என்ன என்று யாரும் கேட்கப்போவதில்லை. இத்தனை ஆண்டுப் பெயர் அப்படியே நிற்கும்.

எல்லாம் சரியாகப் பொருந்தியது. அந்த இன்வெர்ட்டரும் வந்து ஓடாமல் நின்று, வேறு பேட்டரி தேடும்போது சிலிண்டரில் எதுவும் இருக்காது என்பது மட்டும் பொருந்தவில்லை.

தேவகி கருவியைப் பார்த்தாள். "எண்பத்தொண்ணு சார்."

முனிரத்தினத்தின் நகங்கள் நாவற்பழத்தின் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தன. அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. லேம்ப் ரூம் ஜன்னலில் பார்த்தது.

"தாஸ், போனை வைங்க," என்றேன். "இன்வெர்ட்டர் வேண்டாம். அது நல்லாத்தான் இருக்கு. பேட்டரி செத்துப்போச்சு. நான்தான் கெடுத்தேன்."

தாஸ் உள்ளே வந்தார். "இன்னா சார் சொல்றீங்க? இப்பதான பச்சை காட்னீங்க?"

"அந்தப் பச்சை பொய். தண்ணி ஊத்தவேண்டிய இடத்துல ஆசிட் ஊத்தியிருக்கேன். விளக்கமெல்லாம் அப்புறம். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி ஒண்ணு இப்பவே வேணும். எந்த வண்டியில இருந்தாலும் சரி."

தாஸ் ஒரு கணம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது என்ன என்று நான் ஆராயவில்லை. அவர் ஓடினார்.

வாசலில் வந்து நின்ற டெம்போ

லைனின் முனையில் பாபுவின் காய்கறி டெம்போ நின்றது. அதன் ஒலிபெருக்கி வெங்காயத்தையும் தக்காளியையும் மாறி மாறிக் கூவிக்கொண்டிருந்தது.

"யோவ், பேட்டரிய கழட்டிக்கினு போறேன்றியே, எம் பொழப்பு இன்னாய்யா ஆவறது?" என்று பாபு கத்துவது வீட்டுக்குள் கேட்டது.

"கழட்ட வேணாம்டா. வண்டியோட வா. முனிரத்தினம் தாத்தாக்கு மூச்சு நிக்கப்போவுது!"

பாபு உடனே வண்டியைக் கிளப்பினார். இரண்டு டெம்போ ஒன்றையொன்று கடக்க முடியாத சந்தில் பின்புறமாகவே வந்தார். துணி காயப்போட்ட கயிறு அறுந்தது. யாருடைய பிளாஸ்டிக் குடமோ நசுங்கியது. அந்த வீட்டம்மாள் திட்ட ஆரம்பித்து, விஷயம் தெரிந்ததும் திட்டிக்கொண்டே வந்து ஜன்னல் கதவுகளைத் திறந்துவிட்டார்.

தாஸும் நானும் இன்வெர்ட்டரைச் செத்த பேட்டரியிலிருந்து கழற்றி வாசற்படிக்குத் தூக்கிவந்தோம். என் வயதில் தூக்கக்கூடாத கனம். பாபுவிடம் வண்டியைத் தள்ளாமல் கிளப்பப் பயன்படும் தடித்த கம்பிகள் இருந்தன.

"சேப்பு சேப்புல. கறுப்பு கறுப்புல," என்று தாஸ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பொருத்தினார். கடைசி முனையைத் தொட்டபோது நீலப் பொறி ஒன்று தெறித்தது.

"இன்ஜினை அணைக்காதீங்க பாபு," என்றேன். "அணைச்சா இந்த பேட்டரியும் ஒரு மணி நேரத்துல இறங்கிடும். இன்ஜின் ஓடினா எடுக்க எடுக்க ஏறிக்கிட்டே இருக்கும்."

"டீசல் இருக்கறவரைக்கும் ஓட்டலாம் சார்."

உள்ளே தேவகி, "முள்ளு சேப்புல படுத்துட்ச்சு!" என்று கூவினாள்.

தாஸ் பொத்தானை அழுத்தினார். இன்வெர்ட்டர் ஒருமுறை கீச்சிட்டது. பச்சை விளக்கு எரிந்தது. அந்த நிறத்தை நான் நம்பவில்லை. அறைக்குள் போய் இயந்திரத்தின்மேல் கை வைத்தேன். அது அதிர்ந்தது. குழாயின் முனையைக் கன்னத்தருகே பிடித்தேன், காற்று வந்தது. தேவகி என் கையிலிருந்து அதை வாங்கி அவர் மூக்கில் பொருத்தினாள்.

எழுபத்தெட்டு. எழுபத்தெட்டு. எழுபத்தேழு. வெளியே ஒலிபெருக்கி வெங்காயத்தைக் கூவிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எழுபத்தொன்பது. எண்பத்து மூன்று. தேவகி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எண்பத்தெட்டு வந்தபோது முனிரத்தினம் பேச முயன்றார்.

"பேசாதீங்க," என்றேன்.

அவர் கேட்கிறவர் அல்லர். "இன்னா சார்," என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு. "எனுக்கு முன்னாடி... ஒங்க பேட்டரி... பூட்ச்சா?"

பாபுதான் முதலில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சிரிக்கும் தகுதி எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

மூடியின்மேல் இருந்த எழுத்து

மின்சாரம் வருவதாகச் சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே வந்தது. பாபு இன்ஜினை அணைத்தபிறகு லைனில் ஏற்பட்ட அமைதியில், தேவகியிடம் சொல்லவேண்டியதைச் சொன்னேன். லேம்ப் ரூமில் அமிலம் ஊற்றிய காரணம், வீட்டில் அதையே ஊற்றிய தவறு, பழுப்பு நிறத்தைப் பார்த்தும் பேசாமல் போனது, சிலிண்டரை நிரப்பவேண்டாம் என்றது. நின்றுகொண்டே சொன்னேன். நாற்காலி இருந்தது, உட்காரவில்லை.

அவள் குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு செத்த பேட்டரியின் அருகே குனிந்து, மூடியின்மேல் விரல் வைத்தாள்.

"இங்க எழுதி கீது சார். கன்னடத்துலயும் இங்கிலீஷ்லயும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊத்தணும், ஆசிட் ஊத்தக்கூடாதுன்னு. வந்த அன்னிக்கே படிச்சேன்."

"படிச்சிட்டு ஏம்மா என்கிட்ட சொல்லலை?"

"நீங்க லேம்ப் ரூம் சாரு. நான் இன்னான்னு சொல்றது? ஒருதரம் கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அப்ப நீங்க மாமாகிட்ட ஒங்க காலேஜ் கதை சொல்லிக்கினு இருந்தீங்க."

குரலில் குற்றச்சாட்டு இல்லை. களைப்பு மட்டும் இருந்தது. அவள் திட்டியிருந்தால் என்னால் பதில் சொல்ல முடிந்திருக்கும்.

அந்த எழுத்துகளை இரண்டு ஆண்டுகளில் நான் ஒருமுறைகூடப் படித்ததில்லை. படிக்கத் தேவையில்லை என்று எண்ணியதுகூட இல்லை. அவை என் கண்ணிலேயே படவில்லை.

மீதி நான்கு வீடுகளுக்கும் அன்று மாலையே போனேன். தாஸ் தம் பல்போடு கூடவே வந்தார். ஒரு வீட்டில் பேட்டரி தப்பியிருந்தது. இரண்டு வீடுகளில் பல்பு மஞ்சளாகிப் பிறகு மங்கியது. ஒவ்வொரு வீட்டிலும் என் தவறை நானே சொன்னேன். "பரவால்ல சார், வயசாவுதில்ல" என்று ஒருவர் தேற்றினார். வயது காரணமல்ல என்று அவருக்கு விளக்கவேண்டியிருந்தது. அது மற்ற எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது.

இதைப் படிக்கும் வாசகர்களில் யாரேனும், என் சொல்லைக் கேட்டோ என்னைப்போன்ற ஒருவரின் சொல்லைக் கேட்டோ, வீட்டு பேட்டரியில் அமிலம் ஊற்றிவந்தால் இன்றே நிறுத்துங்கள். மிதவை பச்சை காட்டினாலும் நம்பாதீர்கள். ஒரு பல்பைச் சிறிது நேரம் எரியவிட்டு, சுமை கொடுத்துப் பாருங்கள்.

கடைசி வீடு பாலகாட்டில். கணவரின் மூச்சை இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டுத் தனியாகக் காவல் இருக்கும் ஓர் அம்மையார். அங்கே பேட்டரியின் மூடி முழுவதும் கசிந்த அமிலத்தின் வெள்ளைப் படிவு பூஞ்சணம்போல் படர்ந்து எழுத்தை மறைத்திருந்தது. சோடா உப்பைக் கரைத்து ஊற்றி, பொங்கி அடங்கும்வரை காத்திருந்து, பழந்துணியால் துடைத்தேன். எழுத்து வெளியே வந்தது.

"படிங்கம்மா," என்றேன்.

"நீங்களே சொல்லிடுங்க சார். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"இல்லம்மா. நீங்க படிங்க."

"கண்ணாடி எங்க வெச்சேன்னு தெரியலையே."

"தேடுங்க," என்றேன். "நான் நிக்கறேன்."

அவர் அலமாரியில் தேடினார், தலையணைக்கு அடியில் தேடினார், அடுப்படிக்குப் போனார். துணியைக் கையில் பிடித்தபடி, அவர் கண்ணாடியோடு திரும்பி வந்து முதல் சொல்லை எழுத்துக்கூட்டத் தொடங்கும்வரை நான் அங்கேயே நின்றிருந்தேன்.